கணக்கும் எழுத்தாணியும்

என் தமக்கை மகளின் திருமணம் நிறைவேறிப் பதினைந்து நாட்கள் சென்றபின், ஒரு மணி நேர நாடாக்கள் மூன்றில் அடங்கியிருந்த அந்த வைபவத்தின் படத்தை, தேவையற்ற பகுதிகளை வெட்டி இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கி, மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பத் தக்க ஒரு டிவிடியாக ஆக்கித் தரும் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருந்த நான், ஓர் இரவு ஒன்பது மணிக்கு என் மடிக்கணினியை அவ்வேலையில் ஏவிவிட்டு உறங்கச் சென்றேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தபோது, முடிந்த வேலையின் அளவைக் காட்டும் பச்சைப் பட்டை அப்போதுதான் பாதியை எட்டியிருந்தது. எஞ்சிய பாதி பிற்பகல் ஒரு மணிக்கு முடிந்தது. பிறகு வெற்றுத் தட்டு ஒன்றை இட்டு எழுதச் சொன்னேன். நான்கு மடங்கு வேகத்தில் எழுதவல்லது என்று முகப்பில் பொறிக்கப்பட்டிருந்த அந்த டிவிடி ரைட்டர், கால் மணி நேரத்தில் முடித்திருக்க வேண்டிய காரியத்துக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. "ஏன் தம்பி, ஒரு தட்டு போடறதுக்கா ஒரு நாள் பூராவும்?" என்று தமக்கை தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை.

விசாரித்த இடங்களிலெல்லாம் கிடைத்த ஆலோசனை ஒன்றே: கணினி பழையதாகிவிட்டது, புதியது வாங்கிக்கொள்ளுங்கள் என்பது. வயல் காய்கிறது என்றதும் ஏரியையே புதிதாக வெட்டச் சொல்வதற்கு ஒப்பான யோசனை இது. ஏரியில் நீர் நிறைந்திருந்தும் கடைமடை காய்வதுண்டு. மதகின் பலகை பாதி இறங்கியிருக்கலாம், வாய்க்காலில் ஓரிடத்தில் கோரை மண்டியிருக்கலாம், நடுவழியில் ஒருவர் மடையைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். வாய்க்காலின் வழியே நடந்து சென்று, நீர் எந்த இடம் வரை நிறைந்து ஓடுகிறது, எந்த இடத்துக்கு அப்பால் மெலிகிறது என்று கண்ணால் காணும் வரையில் மண்வெட்டியைத் தொடாதிருப்பதே விவேகம். மடிக்கணினியிலும் அவ்வாறு நடந்து பார்க்க வழியுண்டு. ஆனால் அதற்கு முன்பாக, ஒரே இரவில் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதால் ஒரே வேலை போலத் தோன்றும் இரண்டு வேலைகளை, அவற்றின் சுபாவமே வேறு என்பதை உணர்ந்து, தனித்தனியே பிரித்து அறிந்துகொள்ள வேண்டும்.

முதல் வேலை கணக்கு. இரண்டாவது வேலை எழுத்து. படத்தை ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்துக்கு மாற்றுவது முழுக்க முழுக்கப் பிராசஸரின் தலையில் விழும் கணித உழைப்பு. மாற்றியதைத் தட்டில் பதிப்பதோ, கணித உழைப்பு அநேகமாக ஒன்றுமில்லாத, ஓலையில் எழுத்தாணி ஓடுவதைப் போன்ற ஒரு யந்திர வேலை. ஆகவே ஒன்றில் ஆரோக்கியத்தின் அடையாளமாக இருக்கும் குறி, மற்றொன்றில் நோயின் அடையாளமாக இருக்கிறது. இந்த ஒரு பேதத்தை அறியாமல் செய்யப்படும் சிகிச்சையெல்லாம் வீண் என்பது என் துணிபு.

கணக்கின் பரிமாணத்தை முதலில் பார்ப்போம். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறைக்கு ஏற்ற டிவிடியில் ஒவ்வொரு சட்டகமும் குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகள் கொண்டது. பெருக்கினால் 4,14,720 புள்ளிகள். நொடிக்கு 25 சட்டகங்கள். வண்ணத்தை ஒளியைவிடக் குறைந்த நுட்பத்தில் பதிவு செய்யும் வழக்கத்தைக் கருதி, ஒரு புள்ளிக்குச் சராசரி ஒன்றரை பைட் என்று கொண்டால், ஒரு நொடிப் படத்துக்கு 1,55,52,000 பைட்டுகள் ஆகின்றன. இரண்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 112 ஜிகாபைட். ஓர் அடுக்கு டிவிடியின் கொள்ளளவோ 4.7 ஜிகாபைட். இருபத்து நான்கு மூட்டை நெல்லை, ஒரு மணியும் குறைந்ததாகக் கண்ணுக்குத் தெரியாத வகையில், ஒரு மூட்டைக்குள் அடக்க வேண்டும் என்பதற்குச் சமமான காரியம் இது. திருமண நாடாவில் இருக்கும் படம் ஏற்கெனவே ஓரளவு சுருக்கப்பட்டது, மணிக்குச் சுமார் 13 ஜிகாபைட் இடம் பிடிப்பது. அதை முதலில் விரித்து, பிறகு வேறு முறையில் இன்னும் இறுக்கமாகச் சுருக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சுருக்கத்தின் அடிப்படையாக இருக்கும் கணித உபாயத்தின் வரலாற்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பெங்களூரில் பிறந்து, அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த நசீர் அகமது, கொசைன் அலைகளைக் கொண்டு படத்தைப் பகுத்துச் சுருக்கும் ஒரு முறையை ஆராய 1972-இல் அந்நாட்டு தேசிய அறிவியல் நிறுவனத்திடம் பொருளுதவி வேண்டினார். அது மறுக்கப்பட்டது, இந்த யோசனை மிகவும் எளிமையாக இருக்கிறது என்பது மதிப்பிட்டோரில் ஒருவருடைய அபிப்பிராயம் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அவர் கைவிடவில்லை. தம் மாணவர் நடராஜனோடும், சென்னைக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்று டெக்சாஸில் பேராசிரியராக விளங்கிய கே. ஆர். ராவோடும் சேர்ந்து அவர் 1974-இல் வெளியிட்ட சிறு கட்டுரைதான், இன்று நம் கைப்பேசியில் எடுக்கும் நிழற்படம் முதல் டிவிடி வரை அனைத்துக்கும் ஆதாரமாக நிற்கிறது. எட்டுக்கு எட்டு என்ற சதுரத்தில் அடங்கிய 64 புள்ளிகளை, அவற்றின் ஒளியளவாகச் சொல்லாமல், மெதுவாக மாறும் அலைகளும் விரைவாக மாறும் அலைகளும் எவ்வெவ்வளவு கலந்திருக்கின்றன என்று சொல்லிவிட்டால், கண்ணுக்கு அதிகம் புலப்படாத விரைவான அலைகளைப் பெரும்பாலும் விட்டுவிடலாம் என்பதே அதன் சாரம். பட்டுப் புடவையின் பரந்த சிவப்புக்குச் சில எண்கள் போதும். அதன் ஜரிகைக் கரைக்குத்தான் பல எண்கள் வேண்டும்.

ஆயினும் நேரத்தை விழுங்குவது இந்தப் பகுப்பன்று. அதைவிடப் பெரிய உழைப்பு வேறொன்று உண்டு. மணமேடையில் அமர்ந்திருப்பவர்கள் ஒரு சட்டகத்துக்கும் அடுத்த சட்டகத்துக்கும் இடையில் பெரும்பாலும் அசைவதில்லை. அசைந்தாலும் சிறிது நகர்கிறார்கள். ஆகையால் ஒவ்வொரு சட்டகத்தையும் முழுமையாக எழுதாமல், இந்தச் சதுரம் முந்தைய சட்டகத்தில் இன்ன இடத்தில் இருந்ததுதான், இத்தனை புள்ளி இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது என்று குறித்தால் போதும். ஆனால் எங்கிருந்து நகர்ந்தது என்பதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமே! பதினாறுக்குப் பதினாறு புள்ளிகள் கொண்ட சதுரங்களாகப் பிரித்தால் ஒரு சட்டகத்தில் 1,620 சதுரங்கள், நொடிக்கு 40,500. ஒவ்வொன்றையும் முந்தைய சட்டகத்தில் எல்லாத் திசைகளிலும் ஏழேழு புள்ளி தூரம் நகர்த்திப் பார்ப்பதாக வைத்துக்கொண்டால் 225 இடங்கள்; ஒவ்வோர் இடத்திலும் 256 கழித்தல்கள். இவையனைத்தையும் பெருக்கிப் பாருங்கள்: ஒரு நொடிப் படத்துக்கு 233 கோடிக்கு மேற்பட்ட கழித்தல்கள். நொடிக்கு 150 கோடி முறை துடிக்கும் ஒரு பிராசஸர், துடிப்புக்கு ஒரு கழித்தல் செய்தாலும், ஒரு நொடிப் படத்தின் இந்த ஒரே தேடலுக்கு ஒன்றரை நொடிக்கு மேல் ஆகும். மற்ற வேலைகள் தனி.

அதனால்தான் அறிஞர்கள் குறுக்கு வழிகளை வகுத்தார்கள். முதலில் தொலைவான ஒன்பது இடங்களைப் பார்த்து, அவற்றுள் மிக நெருங்கிப் பொருந்தியதைச் சுற்றி இன்னும் எட்டு, அதிலும் பொருந்தியதைச் சுற்றி மேலும் எட்டு என்று மூன்று படிகளில் தேடினால், 225 இடங்களுக்குப் பதில் 25 இடங்களோடு வேலை முடிந்துவிடுகிறது. எட்டுக் கழித்தல்களையும் அவற்றின் கூட்டலையும் ஒரே கட்டளையால் செய்துமுடிக்கும் வசதி 1999-இல் வந்த பென்டியம் 3 பிராசஸரிலேயே இருந்தது. எனினும் படத்தை மாற்றும் நிரலில் "மிக உயர்ந்த தரம்" என்றிருக்கும் இடத்துக்கு நாம் குறியை நகர்த்தும்போது, இந்தக் குறுக்கு வழிகளுள் பலவற்றைக் கைவிட்டு நெடுந்தேடலில் இறங்கும்படி ஆணையிடுகிறோம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். படத்தை ஒருமுறை முழுதும் ஓட்டிப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு, மறுமுறை ஓட்டும்போதுதான் எழுதும் இருமுறை மாற்றம், பெயர் சொல்வதுபோலவே நேரத்தை ஏறக்குறைய இரட்டிக்கிறது. இரண்டு மணி நேரப் படத்தை 4.7 ஜிகாபைட்டில் அடக்கும்போது இருமுறை மாற்றத்தால் தரம் கூடுவது உண்மை. ஒரு மணி நேரப் படமே எழுதப்போகிறோம் என்றால், இடம் தாராளமாக இருப்பதால், அது வீண் உழைப்பு. என் மடிக்கணினியில் இரண்டும் உச்சத்தில் வைக்கப்பட்டிருந்தன.

இனி நாடி பார்க்கும் முறைக்கு வருகிறேன். விண்டோஸ் கணினியில் டாஸ்க் மேனேஜர் என்றொரு பலகை உண்டு. பிராசஸர் தன் நேரத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு உழைக்கிறது என்பதை அது வரைபடமாகக் காட்டும். மாற்றம் நடந்துகொண்டிருக்கையில் அது 100 விழுக்காட்டில் நிற்பதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். பதற வேண்டியதில்லை, அதுவே ஆரோக்கியம். மடை முழுதும் திறந்து நீர் முழு அகலத்துக்கும் பாய்கிறது என்பதே அதன் பொருள். அது 30, 40 என்று தாழ்ந்து கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது பிராசஸர் வேலைக்குக் காத்துக்கொண்டு வெறுமனே நிற்கிறது, வேறெங்கோ அடைப்பிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். கோர் எனப்படும் கருக்கள் இரண்டு உள்ள பிராசஸரில் அசையாமல் 50-லும், நான்கு கருக்கள் உள்ளதில் 25-லும் நின்றால், படத்தை மாற்றும் நிரல் பழைய வகையைச் சேர்ந்தது, ஒரே கருவைக்கொண்டு உழைக்கிறது, மற்றவை கைகட்டி நிற்கின்றன என்று பொருள். நிரலை மாற்றினால் நோய் தீரும்.

என் கணினி 100 விழுக்காடு காட்டியது. காட்டியும் மெதுவாக இருந்தது. இந்தப் புதிர்தான் என்னை நெடுநாள் அலைக்கழித்தது. அந்த 100 என்பது நேரத்தின் பங்கே அன்றி வேகத்தின் பங்கு அன்று என்பதை உணர்ந்த பிறகே புதிர் விடுபட்டது. முழு நாளும் இடைவிடாமல் உழும் மாடு, இயல்பாக உழுகிறதா, தள்ளாடி உழுகிறதா என்பதை "முழு நாளும்" என்ற சொல் தெரிவிக்காது. பிராசஸரின் துடிப்பைத் தனியே அளந்து காட்டும் ஒரு சிறு நிரலை நிறுவிப் பார்த்தபோது, நொடிக்கு 150 கோடி முறை துடிக்க வேண்டிய அது, மாற்றம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் 60 கோடிக்கு இறங்கிவிடுவதைப் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

காரணம் உஷ்ணம். பிராசஸர் உட்கொள்ளும் மின்சக்தி முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. அந்தச் சக்தி, துடிப்பின் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் ஏறுகிறது. மேசைக் கணினியில் இந்த வெப்பத்தை அகற்றக் கையகலத் தாமிரமும் பெரிய விசிறியும் இருக்கின்றன. மடிக்கணினியில் விரல் கனமே உள்ள இடத்துக்குள் ஒரு சிறு விசிறியும் மெல்லிய உலோக இதழ்களுமே உண்டு. வெப்பம் எல்லை மீறினால், பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டுத் தன் துடிப்பைத் தானே குறைத்துக்கொள்கிறது. அந்த எல்லை இன்றைய பிராசஸர்கள் பலவற்றுக்கு 100 பாகை செல்சியஸை ஒட்டியது. மின்கலத்தில் ஓடும்போதும் சக்தியைச் சேமிக்க இவ்வாறே வேகம் குறைக்கப்படும். ஆதலால் மாற்றத்தை எப்போதும் மின்னிணைப்பில் வைத்தே செய்ய வேண்டும். கடிதம் எழுதுவது போன்ற வேலைகளில் பிராசஸர் சிறிது உழைத்து நெடுநேரம் இளைப்பாறுவதால் இந்தக் குறை வெளிப்படுவதே இல்லை. மணிக்கணக்காக ஓயாமல் உழைக்கச் செய்யும் படமாற்றம்தான் அதை வெளிக்கொணரும் உண்மையான பரீட்சை.

அன்றிரவு நான் அதை இலவம்பஞ்சு மெத்தையின்மேல் வைத்துவிட்டுப் படுத்திருந்தேன். அடிப்பக்கத்தில் காற்று நுழையும் துவாரங்கள் மெத்தைக்குள் புதைந்து முற்றிலும் அடைபட்டிருந்தன. அது மட்டுமன்று, பழகிய ஒரு பழுதுபார்ப்பவரைக் கொண்டு அடிப்பலகையைக் கழற்றச் செய்தபோது, விசிறிக்கும் உலோக இதழ்களுக்கும் இடையில் இரண்டாண்டுத் தூசு, கம்பளித் துணிபோல் படிந்து கிடந்தது. விசிறி சுழன்றதே தவிர, காற்று வெளியேறவில்லை. விசிறி சுழலாதபடி ஒரு குச்சியால் தடுத்துக்கொண்டு காற்றை ஊதித் தூசைப் போக்கி, பிராசஸருக்கும் உலோகத்துக்கும் இடையில் காய்ந்து போயிருந்த பசையையும் அவர் புதுப்பித்தார். பிறகு மர மேசையின்மேல், பின்பக்கத்தை இரண்டு மரக்கட்டைகளால் சிறிது உயர்த்தி வைத்து, தரத்தின் குறியையும் உச்சத்திலிருந்து ஒரு படி இறக்கிவிட்டு, அதே படத்தை மறுபடி மாற்றினேன். பதினாறு மணி நேரம் ஐந்தரை மணி நேரமாயிற்று. கத்திரி வெயிலில் அறையே 38 பாகையில் இருக்கும் பகலைவிட இரவில் செய்வது மேல் என்பதும் அப்போது கற்றுக்கொண்டதே.

மற்ற அடைப்புகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒரே வன்தட்டிலிருந்து படித்து அதே வன்தட்டில் எழுதும்போது அதன் முள் முன்னும் பின்னும் தாவிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் மடிக்கணினித் தட்டில் ஒரு சுற்றுக்கே 11 மில்லிநொடி ஆவதால், தாவல்கள் பெருகினால் காலம் கரையும். மூலத்தை வெளித்தட்டில் வைத்து உள்தட்டில் எழுதினால் இது நீங்கும். நினைவகம் போதாவிட்டால் வன்தட்டையே நினைவகமாகப் பாவித்துக் கணினி திணறும். வன்தட்டு விளக்கு அணையாமல் எரிவது இதற்கு அடையாளம். எழுதப்படும் ஒவ்வொரு கோப்பையும் வைரஸ் தடுப்பு நிரல் சோதித்துக்கொண்டிருந்தால், மாற்றம் நடக்கும் அடைவை மட்டும் சோதனையிலிருந்து விலக்கி வைக்கலாம்.

மாற்றமே தேவையில்லாத இடத்தில் மாற்றம் செய்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய விரயம். கோப்பின் பெயர் ஈற்றில் இருக்கும் எம்பி4, ஏவிஐ, எம்கேவி என்பவை பாத்திரங்களின் பெயர்கள். உள்ளே இருக்கும் பண்டம் எம்பெக்-2 ஆகவோ எச்.264 ஆகவோ இருக்கலாம். ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்துக்குப் பண்டத்தை மாற்றி ஊற்றுவதற்கு மறுபடி சமைக்க வேண்டியதில்லை. எச்.264 படம் எம்கேவியில் இருக்கிறது, எம்பி4 ஆக வேண்டும் என்றால், 2000-இல் ஃபாப்ரீஸ் பெல்லார்ட் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவச நிரலிடம் "பிரதி மட்டும் செய்" என்று கட்டளையிட்டால் ஓரிரு நிமிடத்தில், தரத்தில் அணுவளவும் குறையாமல் காரியம் முடிந்துவிடும். அதே வேலைக்கு மணிக்கணக்காகக் கணினியைச் சுட வைப்பவர்களைக் காணும்போது மனம் வருந்துகிறது. முழு அளவுச் சட்டகங்கள் கொண்ட டிவிடிக்கு எம்பெக்-2 கட்டாயம் என்பதால் எங்கள் திருமணப் படத்துக்கு இந்த வழி இல்லாது போயிற்று.

இனி எழுத்தாணி. பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கால் ஆகிய இரண்டு மெல்லிய வில்லைகளை ஒட்டிச் செய்த 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள தட்டினுள்ளே, ஒருமுறை எழுதும் வகையில், கரிமச் சாயம் ஒன்று பூசப்பட்டிருக்கிறது. 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளி, வலுவாகப் பாயும் இடத்தில் அந்தச் சாயம் வெந்து, ஒளியைத் திருப்பும் தன்மையை இழக்கிறது, எழுத்து அவ்வளவே. ஓலையில் கீறியதை அழிக்க முடியாததுபோல் இதையும் அழிக்க முடியாது. எழுதும் வரியோ, உள்விளிம்பில் தொடங்கி வெளிவிளிம்பு வரை சுருண்டு செல்லும் ஒரே சுருள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர், ஒரு தலைமயிரின் குறுக்களவுக்குள் ஏறக்குறைய நூறு வரிகள் அடங்கிவிடும். அந்தச் சுருளைப் பிரித்து நீட்ட முடிந்தால் 11 கிலோமீட்டருக்கு மேல் நீளும். எட்டு மடங்கு வேகத்தில் எழுதும்போது, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த மயிரிழையின் நூற்றிலொரு பங்குப் பாதை லேசரின் கீழே ஓடுகிறது. அது விலகாமல் ஒளி அதைத் தொடர்ந்து செல்கிறது. மனிதன் செய்த சூட்சுமமான கருவிகளுள் ஒன்று நம் மடியில் இருக்கிறது என்று நான் வியந்ததுண்டு.

இங்கே "எட்டு மடங்கு" என்ற சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வது அவசியம். ஒரு மடங்கு என்பது நொடிக்கு 13,85,000 பைட்; அந்த வேகத்தில் முழுத் தட்டு நிறைய ஏறக்குறைய 57 நிமிடம். அப்படியானால் எட்டு மடங்கில் ஏழே நிமிடத்தில் முடிய வேண்டும் என்று எவரும் எண்ணுவர். முடிவதில்லை. உள்விளிம்பில் சுற்றளவு சிறியது, வெளிவிளிம்பில் பெரியது. எங்கும் எட்டு மடங்கில் எழுத வேண்டுமானால் உள்ளே நிமிடத்துக்கு 11,000 சுற்று சுழல வேண்டும். மடிக்கணினியின் மெல்லிய இயக்கியால் அது இயலாது. அது 4,600 சுற்றளவில் நிலையாகச் சுழன்று, உள்ளே மூன்றேகால் மடங்கில் தொடங்கி, வெளிவிளிம்பை அடையும்போதுதான் எட்டைத் தொடுகிறது. சுருளில் ஏறக்குறைய 46,000 சுற்றுகள் இருப்பதால், பத்து நிமிடம் ஆவது இயற்கை. முன்னுரையும் முடிவுரையும் எழுதித் தட்டை மூடுவதற்கு இன்னும் ஓரிரு நிமிடம் சேரும். இது நோயன்று; பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணை நம்பி இதற்கு வைத்தியம் தேடக்கூடாது.

நோய் என்பது, எழுத்தாணிக்குச் சொல் கொடுப்பவர் இடையிடையே வாயடைத்துப் போவது. தட்டு சுழன்றுகொண்டே இருக்கையில், எழுத வேண்டியது வந்து சேராவிட்டால், பழைய சிடி ரைட்டர்களில் அந்தத் தட்டே பாழாயிற்று. சான்யோ நிறுவனம் 2000-இல் கொண்டுவந்த ஓர் உபாயமும் அதையொட்டி வந்த பிறவும், எழுத்தை நிறுத்தி, விட்ட இடத்தை நினைவில் வைத்து, மறுபடி அதே இடத்திலிருந்து தொடர வழிசெய்தன. இதனால் தட்டுகள் பிழைத்தன. ஆனால் முன்பு தட்டின் மரணமாக வெளிப்பட்டுவந்த குறை, இப்போது தாமதமாக மட்டும் வெளிப்படுகிறது. ஒரு மணி நாற்பது நிமிடம் என்பது, நூற்றுக்கணக்கான முறை நின்று நின்று எழுதியதன் கூட்டு நேரம்.

அப்படியானால் சொல் ஏன் வந்து சேரவில்லை? எழுதும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். மாற்றத்தின்போது எந்த 100 விழுக்காட்டை ஆரோக்கியம் என்றேனோ, அதே 100 விழுக்காடு இங்கேயும் நின்றது. கணக்கே இல்லாத வேலையில் பிராசஸருக்கு இவ்வளவு உழைப்பு எதற்கு? இந்தக் கேள்விதான் என்னைச் சரியான மடைக்கு அழைத்துச் சென்றது. வன்தட்டுக்கும் நினைவகத்துக்கும் டிவிடி ரைட்டருக்கும் இடையே பண்டம் செல்ல இரண்டு வழிகள் உண்டு. நேரடி நினைவக அணுக்கம் எனப்படும் டிஎம்ஏ வழியில், பிராசஸர் ஆணையை மட்டும் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள, பண்டம் தானே நகர்கிறது. பிஐஓ என்னும் பழைய வழியிலோ, எசமானே தலையில் சுமந்து செல்வதுபோல், ஒவ்வோர் இரண்டு பைட்டையும் பிராசஸரே எடுத்து வைக்க வேண்டும். ஒரு டிவிடிக்கு 235 கோடி முறை இவ்வாறு எடுத்து வைக்க வேண்டும்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து இயங்குதளத்தில், பிழைகளோ காலந்தாழ்ந்த விடைகளோ மொத்தம் ஆறு முறை நேர்ந்தால், இந்தக் கம்பி நம்பத் தக்கதன்று என்று முடிவு செய்து, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, பிழைகள் தொடர்ந்தால் இறுதியில் பிஐஓவுக்கே இறக்கிவிடும் விதி ஒன்று இருந்தது. தரவைக் காக்கும் நல்லெண்ணத்தால் அமைந்த விதிதான். ஆனால் கீறல் விழுந்த தட்டுகள் சிலவற்றைப் படிக்க முயன்று ரைட்டர் தடுமாறினாலும் அதே பிழைகள் கணக்கில் ஏறிவிடும். பயனருக்கு ஓர் எச்சரிக்கையும் வராது. என் மேசையில் அப்படிப்பட்ட பழைய தட்டுகள் பல இருந்தன, அவற்றை மாதக்கணக்காக அதில் போட்டுப் பார்த்திருந்தேன். டிவைஸ் மேனேஜரில் செகண்டரி ஐடிஇ சானல் என்பதைத் திறந்து, அதன் தற்போதைய வழி என்னவென்று பார்த்தபோது, பிஐஓ என்றிருந்தது. அந்தச் சானலை அங்கேயே நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடக்கினால், இயங்குதளம் அதைப் புதிதாகக் கண்டுகொண்டு, பழைய பிழைக் கணக்கை மறந்து, டிஎம்ஏவில் நிறுத்துகிறது. ஒரு காசும் செலவில்லை; மூன்று நிமிட வேலை.

இன்றைய கணினிகளில் இந்தக் குறிப்பிட்ட நோய் அநேகமாக மறைந்துவிட்டது. ஆயினும் அதன் உறவினர் உண்டு. வெளியே இணைக்கும் டிவிடி ரைட்டரைப் பழைய யுஎஸ்பி 1.1 துளையில் செருகினால், நொடிக்கு 1.2 கோடி பிட் என்ற அதன் உச்ச வேகத்தில், நடைமுறையில் ஒரு மடங்குக்குக்கூடப் பண்டம் வந்து சேராது. தட்டின் தரமும் ஒரு காரணம்: உள்ளே பொறித்திருக்கும் தயாரிப்புக் குறியை ரைட்டர் படித்து, அறிமுகமான தட்டாக இருந்தால் உரிய வேகத்திலும், அறிமுகமற்றதாக இருந்தால் எச்சரிக்கையாகத் தாழ்ந்த வேகத்திலும் எழுதும். வேறு தயாரிப்பைச் சேர்ந்த ஒரே ஒரு தட்டை வாங்கிச் சோதித்தால் இது விளங்கிவிடும். அடுத்து, படத்தை மாற்றிக்கொண்டே ஏககாலத்தில் தட்டில் எழுதும் வசதியை நிரல்கள் அளிப்பதுண்டு; அதைத் தவிர்த்து, முதலில் முழுவதையும் வன்தட்டில் ஒரே பிம்பக் கோப்பாக முடித்துக்கொண்டு, பிறகு எழுதுவதே சிறந்தது. எழுத்தாணி பிடித்தவர் முன் அமர்ந்துகொண்டு கணக்குப் போடக் கூடாது.

சானலை நீக்கி மறுபடி தொடக்கிய அன்று, எழுதுகையில் பிராசஸர் 8 விழுக்காட்டுக்கு மேல் ஏறவில்லை. தட்டு பதினாறு நிமிடத்தில் எழுதி முடிந்தது. எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க இன்னும் பதினைந்து நிமிடம் பிடித்தது. மற்ற எதில் வேண்டுமானாலும் நேரத்தை மிச்சம் பிடியுங்கள். நாடாவின்மேல் வேறொரு விழாவைப் பதிவு செய்துவிடப் போகும் வீடுகளில், அந்தத் தட்டு ஒன்றே எஞ்சப்போகிறது என்பதை எண்ணி, சரிபார்க்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.